கேசட்டின் இரண்டு பக்கம்

2025 மார்ச் 8 அன்று இளையராஜா தன் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு லண்டனில் அரங்கேற்றினார். ஊரே சிம்பொனியைப் பற்றிப் பேசியது. என் கண் அரங்கத்தின் பெயரில் நின்றுவிட்டது. ஈவென்டிம் அப்போலோ. பழைய பெயர் ஹாமர்ஸ்மித் ஓடியன். 1982 மார்ச்சில் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டன் இந்த மேடையில் வாசித்ததுதான் பிறகு 2002இல் 'பீஸ்ட் ஓவர் ஹாமர்ஸ்மித்' என்ற ஆல்பமாக வெளிவந்தது. டேவிட் போவி 1973இல் தன் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் வேடத்தைக் கழற்றி வைத்ததும் இங்கேதான். அந்த மேடையில் எண்பத்தோரு வயதில் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவர். மெட்டலையும் ராஜாவையும் சேர்த்துக் கேட்டு வளர்ந்தவனுக்கு அன்றிரவு தூக்கம் வருமா?

எங்கள் போடியிலிருந்து தேவாரம் தாண்டிப் போனால் அவருடைய பண்ணைப்புரம். மேற்கே பார்த்தால் இரண்டு ஊருக்கும் ஒரே மலைத்தொடர்தான். 1958இல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடம் அவருக்காகப் பாடி வாக்குக் கேட்டவர் பாவலர் வரதராசன். ரோசம்மா ஜெயித்தார். பதினான்கு வயதில் அண்ணன் வரதராசனின் குழுவில் சேர்ந்த ராசையாதான் பின்னாளில் இளையராஜா. மேற்கத்திய இசை அவருக்குச் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கிடைத்தது. நெஞ்சுரத்தோடு மெட்டைத் தூக்கிப் பாடும் பழக்கம் அதற்கு முன்பே, தேயிலைக்கும் ஏலத்துக்கும் நடுவே உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு முன்னால் வந்தது என்று நான் நம்புகிறேன்.

நான் மெட்டல் கேட்டதும் அதே மலையில்தான். பெரியப்பா ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில் அடுப்புப் பார்த்தார். பள்ளி விடுமுறைக்கெல்லாம் போடிமெட்டு ஏறி அவரிடம் போய்விடுவேன். பச்சைக்காய் காய்ந்து ஏலக்காயாகும் இரவுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவசரப்படுத்த முடியாத வேலை. வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு இரும்புக் குழாய் வழியே உள்ளே ஓடும். தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். முதல் சில மணி நேரம் ஆவியை வெளியே விட வேண்டும், பிறகு ஜன்னலை அடைக்க வேண்டும். சூடு கூடினால் காய் வெடித்துப் பச்சை போய்விடும். குறைந்தாலும் நிறம் கெடும். நூறு கிலோ பச்சைக்காய் போட்டால் இருபது கிலோ சொச்சம்தான் தேறும். அதனால் ஒருவர் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். தகரக்கூரையில் மழை கொட்டும். பெரியப்பாவிடம் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. என்னிடம் மதுரையில் பதிந்து வாங்கிய ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கம் அயர்ன் மெய்டனின் 'செவன்த் சன் ஆஃப் எ செவன்த் சன்'. மறுபக்கம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'.

கேசட் ஓடி முடிந்ததும் திருப்பிப் போடுவேன், மறுபடி திருப்பிப் போடுவேன். பெரியப்பா கோவில் திருவிழாக்களில் நாயனத்துக்கு முன்னால் உட்கார்ந்து தலையாட்டும் மனிதர். மெய்டனை அவர் வெறுப்பார் என்று எதிர்பார்த்தேன். 'தி க்ளேர்வாயன்ட்' பாட்டில் இரண்டு கிடாரும் சேர்ந்து எழும் இடத்தில் விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "டேய் தம்பி, ரெண்டு நாயனம் சேந்து ஊதுற மாதிரியே இருக்கேடா. ஆனா ஒருத்தன் மேல போறான், ஒருத்தன் கீழ போறான். சண்டையில்லாமப் போறாய்ங்க பாரு."

மெலடிக் மெட்டலைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாகஸ்வரக்காரர்கள் இருவர் ஜோடியாக வாசிக்கும்போது இருவரும் ஒரே ஸ்வரத்தைப் பிடிக்கிறார்கள். இரண்டு மூச்சுக்கும் இடையே இருக்கும் நூலிழை வித்தியாசம்தான் அந்தக் கனத்தைக் கொடுக்கிறது. மெய்டனில் டேவ் மர்ரே ஷட்ஜமத்தில் நின்றால் ஏட்ரியன் ஸ்மித் காந்தாரத்தில் நிற்பார். ஒருவர் நகர மற்றவரும் அந்த இடைவெளி குலையாமல் நகர்வார். கீழே ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் குதிரைப் பாய்ச்சலில் போகும். கேட்பவருக்கு ஒரு மெட்டுதான் காதில் விழும். மனசு இரண்டையும் பிடித்துக்கொள்ளும்.

கேசட்டைத் திருப்பிப் போட்டால் அதே வேலையை ராஜா வேறு வழியில் செய்திருப்பார். 1986இல் வந்த அந்த ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையாக்கியிருந்தார். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்பிசையில் தொடங்குகிறது. அதை அப்படியே ஓடவிட்டு, அதன் மேல் ராஜா தன் மெட்டை நடத்துகிறார். வி.எஸ். நரசிம்மனின் வயலின் எதற்கும் அடிமையாகாமல் இரண்டுக்கும் நடுவே பாடுகிறது. எதிரே வாசிப்பவரை அடக்காமல் வாசிப்பது பெரிய நாகரிகம். நான் மெட்டலில் தேடியதும் அதைத்தான். வேகமும் சத்தமும் அதற்குப் பிறகு.

ஆகவே என் முடிவு இது: 'ஹவ் டு நேம் இட்?' நம் மண்ணிலிருந்து வந்த மிகச் சிறந்த ப்ரோக்ரஸிவ் ஆல்பம். கடைக்காரர்கள் அதை எந்த அலமாரியில் வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒரே எண்ணத்தை முதலிலிருந்து கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. பாட்டுகளை இடம் மாற்றிப் போட்டால் உடைந்துபோகும். ஜெத்ரோ டல் 1972இல் 'திக் அஸ் எ பிரிக்'கில் ஒரே பாட்டை இரண்டு பக்கமும் ஓடவிட்டதும், மெய்டன் 'செவன்த் சன்'னைத் தொடங்கிய அதே வரிகளில் முடித்ததும் இந்த ஒழுங்குக்காகத்தான். இன்று செல்போனில் பாட்டைக் கலைத்துப் போட்டுக் கேட்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது.

மற்ற ஆல்பங்களில் ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992) எனக்கு உயிர். அதற்குப் பிந்தைய பலவற்றில் விரல்தான் ஓடுகிறது, மெட்டு பின்தங்குகிறது. ஹெலோவீனின் 'கீப்பர்' இரண்டு பாகங்களில் இரண்டாவதுதான் மேல். ஓபெத்தின் 'டாம்னேஷன்' (2003) கர்ஜனையே இல்லாத ஆல்பம். மஞ்சு இறங்கும்போது போடிமெட்டில் நின்று கேளுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கமும் இந்த இசைக்கு ஆள் உண்டு. கொச்சியின் மதர்ஜேன் 2008இல் 'மக்தூப்' கொண்டுவந்தது. அதில் பைஜு தர்மஜனின் கிடார் கமகத்தை நடிக்கவில்லை, பாடுகிறது. தந்தியை இழுத்தும் வழுக்கியும் ஸ்வரத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார். கடல் தாண்டிச் சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ராவில் நம் தமிழர்கள் உண்டு. 2005இலிருந்து 2011க்குள் 'பிரம்மவித்யா' என்ற பெயரில் மூன்று ஆல்பம் போட்டு வேதாந்தத்தையே டெத் மெட்டலில் சொன்னவர்கள். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் மெட்டு வேண்டும். ஆனால் அந்தத் துணிச்சலுக்குத் தலை வணங்குகிறேன்.

இனி நடக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ஹவ் டு நேம் இட்?'டில் 'டோன்ட் கம்பேர்' என்றொரு உருப்படி இருக்கிறது. அதை இரண்டு மின்கிடாருக்கும் இரண்டு நாகஸ்வரத்துக்கும் யாராவது எழுத வேண்டும், ராஜாவிடம் முறையாக அனுமதி வாங்கி. இந்தப் பக்கத்துப் பையன்கள் சிலரிடம் சொல்லிவிட்டேன். 2023இலிருந்து போடியிலேயே சென்னைக்கு ரயில் ஏறலாம், கிடாரைத் தூக்கிக்கொண்டு மதுரையில் மாற வேண்டியதில்லை. தவிலுக்கு நம் ஊர் ஆளே போதும். நடுவில் மிஸ்ர சாபுவுக்கு மாறட்டும். ஏழு எண்ணிக்கையில் தவில் சுழலும்போது டிரம்மர் தடுமாறத்தான் செய்வார். நாலு சுற்றுக்குள் பிடித்துவிடுவார். பதிவில் அந்த நாலு சுற்றையும் வெட்டக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.