மாநிறம் என்று எழுதியது நாங்கள்தான்

சித்தப்பா மகன் கல்யாணத்துக்காகத் தங்கையோடு ஆரணியில் பட்டு எடுக்கப் போயிருந்தோம். அவள் தொட்ட மயில்கழுத்து நிறப் புடவையை மடித்து வைத்துவிட்டு, "பாப்பா கலருக்கு இது எடுக்காதும்மா" என்றார் கடைக்காரர்.

சுருக்கென்றது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கறுப்பான அவளுடைய வரன் பயோடேட்டாவில் 'மாநிறம்' என்று எழுதியது, சமூகவியல் முதுகலை படித்த நாங்கள்தானே!

"கறுத்த பார்ப்பானையும் சிவந்த பறையனையும் நம்பாதே" என்கிறது பழமொழி. நிறத்தைப் பார்த்தே சாதியைச் சொல்லிவிடலாம் என்ற பொய்க் கணக்கு அது. சாதி இனப் பிரிவல்ல, ஒரே இன மக்களைக் கூறுபோட்டது என்று 1936இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கிவிட்டார். இன்றும், "உங்களைப் பார்த்தா அந்த ஆளுங்க மாதிரியே தெரியலையே" என்பதைப் பாராட்டாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்தும் இருக்கிறோம்.

1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்கு எதிரான போராட்டங்கள் நடந்த 2020இல் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது. ஆனால், "பொண்ணு என்ன கலரு?" என்ற கேள்வியை நம் சேரி வீடுகளே இன்னும் கைவிடவில்லை.

தங்கை அந்த மயில்கழுத்தையே எடுத்தாள். அன்றிரவு பயோடேட்டாவில் 'நிறம்' என்ற வரியையே நீக்கினோம்.

"காலியா இருந்தா கேப்பாங்களே" என்கிறார் தரகர்.

கேட்கட்டும். யார் கேட்கிறார்கள் என்று நமக்கும் தெரிய வேண்டுமே.