கழுவாத போத்தல்

"சுன்னாகம் பக்கம் கிணத்துத் தண்ணி எடுக்கப் போறம், வாறியளோ?" என்று ஆய்வுகூடத்தில் வேலைசெய்யும் நண்பர் கேட்டார். மறுநாள் விடிய அவருடைய வாகனத்தில் ஏறிக்கொண்டேன். 2015 தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தின் அந்த ஊர்ப் பெயர் வராத பத்திரிகை இல்லை. அங்குள்ள மின்நிலையத்தின் கழிவொயில் நிலத்தில் இறங்கிக் கிணறுகளில் மிதக்கிறது என்று சனம் வீதியில் இறங்கியிருந்த காலம் அது. நீர்வழங்கல் சபை சோதித்த 150 கிணறுகளில் 109 இல் எண்ணெயும் கிரீசும் அளவுக்கு மிஞ்சியிருந்தன.

மாதிரி எடுக்கிறவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு அண்ணை. நாட்கூலி. அவருடைய தகப்பன் சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டியவர். இவரும் இளவயதில் கோடைக்குக் கோடை கிணறு கலக்கி இறைத்தவர். கல்லுக்குள் தண்ணீர் எந்த வெடிப்பால் வருகிறது என்பதை இறங்கி நின்று கண்ட மனிதர்.

முதல் வளவில் மேல்நீரில் வானவில்போல ஒரு படலம் தெரிந்தது. ஒயில்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அண்ணை வாளியில் கொஞ்சம் அள்ளி, ஈர்க்கால் கீறினார். படலம் சல்லி சல்லியாக உடைந்து அப்படியே நின்றது. "இது ஒயிலில்லை தம்பி, இரும்புப் பாசி. ஒயிலெண்டால் கீற விலகித் திரும்ப ஒண்டாச் சேரும்." இரண்டாவது வளவில் கீறிய படலம் திரும்பச் சேர்ந்தது.

பிறகு மாதிரிப் போத்தல். மண்ணிறக் கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகாது. பாரம் கட்டிய கம்பிக்கூட்டில் வைத்துக் கயிற்றால் நேரே கிணற்றுக்குள் இறக்கினார். வீட்டு அம்மா பார்த்துக்கொண்டு நின்றவர், "ஒருக்கா அலசிப்போட்டு எடுங்கோவன்" என்றார். விருந்தாளிக்குச் செம்பை அலசாமல் தண்ணீர் கொடுத்தறியாதவர் அவர். "அலசக்கூடாதம்மா. ஒயில் கண்ணாடியிலை ஒட்டிப்போடும். பிறகு நிரப்பினால் உங்கடை கிணத்திலை உள்ளதைவிடக் கூடக் காட்டும்" என்றார் அண்ணை. கொஞ்சம் அமிலம் விட்டார். வழியில் கிருமிகள் எண்ணெயைத் தின்றுவிடாதிருக்க. மூடி, எண் எழுதி, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். கிணற்றடி மோட்டரில் ஒயில் வடிகிறதா என்றும் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த வடிசலை மின்நிலையத்தின் கணக்கில் எழுதுவது பிழை; மின்நிலையத்தினுடையதை மோட்டரில் சாட்டுவது அதைவிடப் பெரிய பிழை.

ஆய்வுகூட வேலை எனக்கு விளங்கவில்லை, அதை விடுகிறேன். நிலம் மட்டும் விளங்கியது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குவதுதான் எங்கள் குடிநீர். எண்ணெய் போவதும் அதே வெடிப்பு வழியே. அதனால் பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாயிருக்க, நாலு வளவு தள்ளியுள்ளது நாறலாம். மாரியில் நீர் ஏற, கல்லில் ஒட்டிக் கிடந்ததும் சேர்ந்து ஏறும். கோடையில் ஒருதரம் பார்த்துவிட்டு "நல்ல தண்ணி" என்று எழுதுவது ஏமாற்று.

"முந்தியும் மூண்டு தரம் வந்து எடுத்தவை. என்ன இருக்கெண்டு ஒருதரும் சொல்லேல்லை" என்றார் அந்த அம்மா. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். அவர் கிணற்று நீர், அவர் பிள்ளைகள் குடிக்கும் நீர்; அதன் ஆய்வு முடிவு மட்டும் யாரோ ஒருவரின் கோப்புக்குள். அது வெளிவராத நாளெல்லாம் தண்ணீர்ப் போத்தல் விற்கிறவர்களுக்கு வியாபாரம். தோட்டக் கூலியில் பாதியைக் குடிநீருக்குக் கொடுத்துவிட்டு, கல்லுக் கட்டிய சொந்தக் கிணற்றை அவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆய்வு முடிவுகள் கையில் இருந்ததால்தான் அந்த வழக்கு நின்றது. அண்ணையைப் போன்றவர்கள் ஒழுங்காக இறக்கிய போத்தல்கள்தான் அங்கே சாட்சி.

உங்கள் கிணற்றில் யாராவது மாதிரி எடுக்க வந்தால் மறிக்காதீர்கள். திகதியையும் போத்தல் எண்ணையும் எழுதி வையுங்கள். முடிவை எழுத்தில் கேளுங்கள். மாரி முடிய மறுபடி வரச் சொல்லுங்கள்.