கயிறு பிடித்தவர்கள்

தூத்துக்குடி தெரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போன வள்ளம் ஒன்றில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். மூன்று பேர் உள்ளே இறங்கியிருந்தார்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பேச்சே கொடுக்கவில்லை. மூன்று டியூபும் அவருடைய வலது கை விரல்களுக்கு நடுவே போயின. எதில் இழுப்பு வந்தாலும் அந்தக் கை அறிய வேண்டும். பீடி பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தவர் அதை என்னிடம் நீட்டி, என்னையே உரசச் சொன்னார். கையை எடுக்க அவருக்கு மனமில்லை.

முத்துக்குளித்த காலத்தில் டியூப் ஏது? கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். ஒரு மூச்சு, ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதற்குள் கடலடிப் பாரில் கிடக்கும் சிப்பியை வாரிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றை ஆட்ட வேண்டும். மேலே இருப்பவர் இழுப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் இன்றும் சொல்வார்கள். கீழே இருப்பவன் உயிரோடு வந்தால்தான் தன் தங்கச்சி கழுத்தில் தாலி நிற்கும், அதனால் மச்சான் கவனம் பிசகமாட்டான். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல்.

*

எழுத்திலும் கயிறு பிடிப்பவர்கள் உண்டு. எழுத்தாளனின் குரு என்றதும் யாப்பு சொல்லிக் கொடுத்தவரையும் நடையைத் திருத்தியவரையும் நினைக்கிறோம். எழுத்தை வைத்துப் பிழைக்க வழிகாட்டியவரைப் பற்றி யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அச்சகம் வைத்திருந்த அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்தான் அவருக்குச் சோறு போட்டன. அவர் கதை, கவிதை படித்து நான் பார்த்ததில்லை.

நான் கூலிக்கு எழுதிய முதல் எழுத்து ஒரு கண்ணீர் அஞ்சலிக்கு நாலு வரி. ட்ரெடில் மிஷின் சத்தத்துக்கு நடுவே நின்றபடியே எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி ஒரு துண்டுச் சீட்டில் ‘பாட்டு 1, ரூ. 10’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்து ரூபாயைக் கொடுத்தார். பேப்பர் வாங்கிய பில்லும் மை வாங்கிய பில்லும் தொங்கிய அதே கம்பியில் அந்தச் சீட்டையும் குத்தினார். என் எழுத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அந்தக் கம்பியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

“முதல்ல துட்டப் பேசு தம்பி. எழுதிக் குடுத்தப்புறம் கேட்டா, கடன் கேக்குற மாதிரி ஆயிரும்.”

*

பாரதிக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். இதே மாவட்டத்து எட்டயபுரத்துப் பையன் பாரதி. 1904இல் மதுரை சேதுபதி பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியர் வேலை, சுமார் மூன்று மாதம். அதே வருஷம் நவம்பரில் சென்னைக்குக் கூட்டிப்போய் சுதேசமித்திரனில் உதவியாசிரியராக உட்கார வைத்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 1878இல் ஹிந்துவைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கி, 1899இல் அதை நாளிதழாக்கியவர்.

பாரதிக்கு அங்கே கொடுத்த வேலை பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலத் தந்தியும் பிரசங்கங்களும் தமிழாக வேண்டும், அன்றைக்கே அச்சுக்குப் போக வேண்டும். இதைக் கவிஞனை மாடாய் உழைக்க வைத்த காலம் என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளும் கெடு வைத்து எழுத வைத்தவர் அவருக்கு ஒரு தொழிலைக் கொடுத்தார். பாரதியின் உரைநடையில் இருக்கும் வேகம் எட்டயபுரம் அரண்மனையில் கிடைத்ததல்ல, அந்த மேஜையில் கிடைத்தது. 1906இல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்தும் கை அங்கேதான் பழகியது.

*

எழுத்தாளர் இடைசெவல் கு. அழகிரிசாமி சார்பதிவாளர் அலுவலக எழுத்தர் வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனதும், நாரண துரைக்கண்ணன் பொறுப்பிலிருந்த பத்திரிகைகளில் இடம் கிடைத்ததும் இதே வரிசையில் வரும். அதைத் தனியாக எழுத வேண்டும்.

*

வ.உ.சி.யைக் கப்பல் ஓட்டியவராகவே பார்த்துவிட்டோம். எழுதியும் பதிப்பித்தும் பிழைக்கப் பார்த்தவர் அவர். 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. தலைவராக வந்தவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். தமிழை ஆதரித்த அதே கைதான் கப்பலையும் ஆதரித்தது.

1908இல் வ.உ.சி. கைதானார். 1911இல் பாண்டித்துரைத் தேவர் காலமானார். 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வ.உ.சி. வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை, தாங்கிப் பிடித்தவரும் இல்லை. மனைவி மக்களோடு சென்னையில் வியாபாரம் செய்து பார்த்தார். ஜேம்ஸ் ஆலன் நூல்களைத் தமிழாக்கினார், சிறையில் எழுதிய மெய்யறத்தை வெளியிட்டார், திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்து காந்தியிடம் கொடுத்த பணத்துக்காகக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா. அந்த 12 அணாவைப் படிக்கிற போதெல்லாம் எனக்கு மனசு தாங்குவதில்லை.

பிறகு சன்னதைத் திரும்ப வாங்கிக் கொடுத்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

*

ஒரு நிறுவனத்தின் பொன்விழா மலருக்கு மூன்று மாதம் உழைத்தேன். எண்பது பக்கம். பழைய ஆட்களைத் தேடிப்போய்ப் பேசி, பழைய படங்களைத் திரட்டி எழுதியது. கூலியை முதலில் பேசித்தான் இருந்தேன். மலர் முடிந்ததும், “உங்க பேரைப் போட்டிருக்கோமே சார்” என்றார்கள். அதுதான் கூலியாம்.

மலர் அச்சானது அண்ணாச்சியிடம். விழாவுக்கு முந்தின நாள் வேன் வந்து வாசலில் நின்றது. கட்டுகள் தயாராக இருந்தன. அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, “அச்சுக்கூலி வந்துட்டு. எழுத்துக்கூலி இன்னும் வரல. ரெண்டும் சேந்தாத்தான் புத்தகம்” என்றார். சத்தம் போடவில்லை. உட்கார்ந்து வெற்றிலை மடித்தார். இருட்டுகிற நேரத்தில் பணம் வந்தது. அதன்பிறகு அந்த நிறுவனம் அவரிடம் ஒரு லெட்டர்பேடுகூட அடிக்கவில்லை. வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் ரூபாய் வேலை அவர் கையைவிட்டுப் போயிருக்கும் என்று ஒரு முறைகூட அவர் வாயால் சொன்னதில்லை.

*

எல்லாரும் குருவாக வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை கை கொடுத்தவரும் உண்டு. 1907இல் பாரதியின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் 15,000 பிரதி அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். அவர் மிதவாதி, பாரதி எதிர்க்கட்சி. கட்சி வேறென்று பாட்டை ஒதுக்கவில்லை.

1920இல் பாரதி தானே ஒரு பதிப்புத் திட்டம் போட்டார். தன் எழுத்தை 40 புத்தகமாகப் பிரிப்பது, ஒவ்வொன்றும் 10,000 பிரதி, முதல் 20,000 ரூபாய். அதைக் கடனாகக் கேட்டார், மாதம் 2 சதவீதம் வட்டி தருவதாகச் சொன்னார். தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போலத் தன் புத்தகம் வீடுதோறும் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. கோவில்பட்டிப் பக்கம் வந்து பார்த்தால் அந்த உவமையின் கனம் தெரியும். ஒரு காலத்தில் அங்கே வீதிக்கு வீதி தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. பாரதி கேட்ட பணம் வரவில்லை. அடுத்த வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். 1931இல் அவர் எழுத்தின் உரிமை 4,000 ரூபாய்க்குக் கைமாறியது.

அந்த மனுஷனுக்குக் கவிதையில் யார் துணையும் தேவைப்படவில்லை. அந்த 20,000 ரூபாய்க்குத்தான் ஆள் வேண்டியிருந்தது.

*

உவரியில் பிறந்து கப்பல் தொழிலில் இருந்துகொண்டே எழுதியவர் ஜோ டி குருஸ். ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் தமிழினி வெளியீடாக வந்தது. பெரிய நாவல், கரைக்காரர்களின் பேச்சு. அதை அந்தப் பேச்சோடேயே அச்சில் ஏற்றுவதற்குப் பதிப்பாளருக்கு நெஞ்சு வேண்டும். இந்த ஊரின் கதையான ‘கொற்கை’ 2009இல் வந்து 2013இல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. விருதன்று முதல் நாவலைப் போட்டவரையும் நினைத்துக்கொண்டேன்.

*

கயிறு எப்போதும் மூத்தவர் கையில்தான் இருக்கும் என்பதில்லை. பரலி சு. நெல்லையப்பர் வ.உ.சி.யின் தூத்துக்குடிக்கு இளைஞனாக வந்தவர். வ.உ.சி. கோவைச் சிறையில் இருந்தபோது வெளியே இருந்து வேண்டியதைச் செய்தவர். புதுச்சேரியிலிருந்து பாரதி அவரைத் ‘தம்பி’ என்றழைத்துக் கடிதம் எழுதினார். எல்லையைத் தாண்டினால் கைது என்பதால் பாரதியால் சென்னைக்கு வர முடியாது. 1917இல் ‘கண்ணன் பாட்டு’ சென்னையில் அச்சானது. போட்டவர் நெல்லையப்பர், அப்போது வயது இருபத்தெட்டு. கையில் பெரிய காசில்லை. இரண்டு வருஷத்தில் இரண்டாம் பதிப்பும் போட்டார். அதற்கு வ.வே.சு. ஐயர் முன்னுரை எழுதினார்.