பெயரோடு ஒரு படம்

நிழற்படக் கலை பயிலும் மாணவர்க்கு ஆண்டிறுதியில் ஒரு பணி தரப்படுவது வழக்கம். தாமே ஒரு பொருளைத் தேர்ந்து, தாமே திட்டம் வகுத்து, இருபது படங்கள் கொண்ட தொகுதியொன்றை ஆக்கித் தருதல் வேண்டும். கேட்பதற்கு எளிது, செய்வதற்கோ அரிது. ஒரு படம் எடுத்தல் கண்ணின் வேலை. இருபது படங்களை ஒரு பொருளாக்குதல் கருத்தின் வேலை. பினாங்கில் பயிலும் மாணவராகிய நாம் அப்பணிக்குத் தண்ணீர்மலையைத் தேர்ந்துகொண்டோம். நமது திட்டம் எவ்வாறு தோன்றியது, எங்கே திசை திரும்பியது, அதனால் நாம் கற்றது யாது என்பவற்றை இளைஞர்க்குப் பயன்படுமெனக் கருதி ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தண்ணீர்மலையை அறியாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே. அருவி விழும் குன்றின் அடியில், 1884-ஆம் ஆண்டில் சார்லஸ் கர்ட்டிஸ் என்பார் பொறுப்பில் உருவான பூந்தோட்டம். அதற்கணித்தே குன்றின்மேல் பாலதண்டாயுதபாணி கோயில். அதற்கு ஏறிச்செல்ல 513 படிகள். தைப்பூசத்திற்கு முதல்நாள் பினாங்குத் தெருவினின்றும் நகரத்தாரின் வெள்ளிரதம் புறப்படுகின்றது. அவ்வழக்கம் 1894-ஆம் ஆண்டு தொட்டு வருவது. 2017 முதல் பொன்ரதம் ஒன்றும் உலா வருகின்றது. வழிநெடுகச் சீனரும் தமிழரும் தேங்காய் உடைக்கின்றனர். தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் மக்கள் வெள்ளமெனத் திரள்கின்றனர். அந்நாளில் அவ்வீதியில் காமிரா இல்லாத கையைக் காண்பது அரிது.

நம் திட்டத்திற்கு அதுவே முதல் இடராயிற்று. அலகு குத்திய முகம், மயிலிறகுக் காவடி, உடைந்த தேங்காய்க் குவியல் என்று நாம் எழுதிச் சென்ற பட்டியலை ஆசிரியர் பொறுமையாகப் படித்தார். பின்னர், "இவை அனைத்தையும் ஆயிரம்பேர் எடுப்பர். நீர் எடாவிடின் உலகுக்கு என்ன குறை?" என்று வினவினார். அவ்வினா கடுமையாகத் தோன்றலாம். ஆயினும், தொகுதியொன்றைத் தொடங்கும் மாணவர் எவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா அதுவேயாகும்.

விடை தேடி நூலகம் புகுந்தோம். ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு நிழற்படக்காரர் 1862-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து, அதனையொட்டிப் பத்துத் திங்கள் பினாங்கில் தங்கித் தொழில் நடத்தினார். 1875-இல் அவர் வெளியிட்ட பயண நூலில் ஒரு செய்தி வருகின்றது. பினாங்கில் அவருக்குத் துணைநின்று, படங்களை அச்சிட்டுத் தந்தவர் இருவர். இருவரும் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரால் அத்தொழிலில் பழக்கப்பட்டவர்.

அக்காலத்தில் துணைநிற்றல் என்பது பெட்டி சுமத்தல் மட்டுமன்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டு நீரில் தோய்த்து, ஈரம் உலருமுன் காமிராவில் இட்டுப் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் மருந்திட்டுத் துலக்குதல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. அத்தகைய நுண்ணிய தொழிலில் உடனிருந்து பழகிய தமிழ்க் கைகள் நூற்றறுபது ஆண்டுகட்கு முன்னரே இத்தீவில் இருந்தன! ஆனால் அவ்விருவர் பெயர் யாது? நூலில் இல்லை. சென்னையில் லின்னேயஸ் டிரைப் என்பாருக்கு உதவிய அய்யாசாமி என்பவரின் பெயரேனும் ஏட்டில் நிலைத்தது. பினாங்கின் இருவருக்கு அவ்வளவும் வாய்க்கவில்லை.

படம் அச்சிட்டவர் நிலை இதுவாயின், படத்தில் நின்றவர் நிலையைக் கூறவும் வேண்டுமோ? 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பொருளில் எட்டுத் தொகுதிகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவற்றில் முகங்கள் உண்டு; முகங்களின் கீழ்ப் பெரும்பாலும் சாதிப் பெயரும் குலப் பெயரும் உண்டு. மனிதர் பெயரோ அருகியே காணப்படும். பூச்சிகளை ஊசியில் குத்தி வகைப்படுத்துவது போல மக்களையும் வகைப்படுத்திய காலம் அது.

நம் இல்லத்திலும் பழம்படம் ஒன்று உண்டு. தோட்டத்து ஆபீசின் முன் எடுத்தது. நடுவில் நாற்காலியில் துரை, இருபுறமும் கிராணிமார், பின்னே நான்கு வரிசையாகத் தொழிலாளர். அடியில் துரையின் பெயரும் கிராணிமார் பெயரும் ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளன. பின்வரிசைகள் நான்கிற்கும் 'கூலிகள்' என்ற ஒரே சொல். அவ்வரிசைகளில் எங்கோ நம் பாட்டியாரின் தந்தையார் நிற்கின்றார். பாட்டியார் இருந்தவரை விரலால் தொட்டுக் காட்டுவாராம். அவர் மறைந்த பின்னர், மூன்றாம் வரிசையில் தலைப்பாகை கட்டியவரே அவர் என்பர் நம் தந்தையார். நான்காம் வரிசையின் கோடியில் நிற்பவரே என்பர் அத்தையார். இருவருள் ஒருவர் நம் முன்னோர். மற்றவர் பிறிதொரு வீட்டாரின் முன்னோர். எந்த முகத்தை நோக்கி நம் நெஞ்சு நெகிழ்வது?

இவ்விடத்தில்தான் திட்டம் திசை திரும்பிற்று. விழாவைப் படமெடுப்பதை விடுத்து, விழாவை நடத்தும் உழைப்பைப் படமெடுப்பதென முடிவு செய்தோம். தண்ணீர்ப் பந்தலில் மோர் கலக்குபவர், பெருங்கொப்பரையில் சோறு வடிப்பவர், முடி மழிப்பவர், பூத்தொடுப்பவர், காவடிக்குக் கம்பி வளைப்பவர், மறுநாள் விடியலில் தேங்காய் ஓடுகளை அள்ளும் துப்புரவுத் தொழிலாளர் — இவர்களே நம் இருபதின்மர். நமக்கு நாமே மூன்று விதிகள் இயற்றிக்கொண்டோம். கேளாமல் எடுத்தல் ஆகாது. ஒவ்வொரு படத்தின் கீழும் அவரவர் தம் பெயரைத் தம் கையாலேயே எழுதுதல் வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு படி சென்று சேர்தல் வேண்டும்.

விதி வகுத்தால் கருவியும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். தொலைவில் நின்று முகத்தைக் கவரும் நெடிய லென்சை வீட்டிலேயே வைத்துவிட்டு, 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மட்டும் எடுத்துச் சென்றோம். அதைக்கொண்டு ஒருவர் முகத்தைத் தெளிவாக எடுக்க ஆறடி தொலைவிற்குள் நெருங்கவேண்டும். அவ்வளவு நெருங்கியபின் பேசாதிருத்தல் இயலாது. விழாவிற்கு முன்னரே மூன்று முறை காமிராவின்றிச் சென்று, எந்நேரத்தில் எப்படியில் வெயில் விழுகின்றது, எப்பந்தல் எங்கே எழுகின்றது, யார் எப்பொழுது சற்று ஓய்ந்து அமர்கின்றனர் என்று குறிப்பேட்டில் எழுதிவந்தோம். திட்டம் என்பது தாளில் எழுதும் தலைப்பன்று; இடத்தையும் மக்களையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளும் உழைப்பேயாம்.

மோர்ப் பந்தலில் ஒரு மூதாட்டியாரைக் கண்டோம். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கைகள். "அம்மா, தங்களைப் படமெடுக்கலாமா?" என்று கேட்டோம்.

"எடுத்துக்கொள் தம்பி. சென்ற ஆண்டும் நாலு பேர் எடுத்தார்கள். படம் எந்தச் சீமைக்குப் போயிற்றோ, என் கைக்கு வரவில்லை" என்றார்.

படத்தைக் கொண்டுவந்து தருவோம் என்று சொல்லிக் குறிப்பேட்டை நீட்டினோம். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றதாகச் சொல்லித் தயங்கினார். பின்னர் எழுத்துக்கெழுத்து இடம் விட்டு மெல்ல எழுதினார். அப்பெயரை இங்கே எழுதவில்லை. அவர் இசைந்தது தம் படத்தின் அடியில் இருப்பதற்கு, இவ்வேட்டில் வருவதற்கன்று. துப்புரவுத் தொழிலாளருள் ஒருவர் வங்காள எழுத்திலும், தேங்காய் அடுக்கிக்கொண்டிருந்த சீன முதியவர் தம் எழுத்திலும் பெயர் வரைந்தனர். மூவர் வேண்டாமென்றனர். காரணம் கேளாமல் வணங்கி அகன்றோம். இருபது பதினேழாயிற்று. ஆசிரியர் அதற்காக மதிப்பெண் குறைத்தாரில்லை.

படத்தைச் சேர்ப்பிப்பதாகச் சொன்ன சொல் சிறிதெனத் தோன்றும். உலகப் புகழ் பெற்ற ஒரு படத்தின் வரலாறு அதன் பெருமையை உணர்த்தும். 1936-இல் கலிபோர்னியாவில் டாரத்தியா லாங் என்னும் அம்மையார், பசியால் வாடிய ஒரு தாயைப் பிள்ளைகளோடு படமெடுத்தார். அப்படம் பஞ்ச காலத்தின் சின்னமாகவே ஆகிவிட்டது. எடுத்தவர் பெயரை உலகம் அறிந்தது. எடுக்கப்பட்டவர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978-ஆம் ஆண்டில்தான், நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, வெளியாயிற்று. தம் பெயரைக் கேட்கவில்லை என்பதும், ஒரு படி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை என்பதும் அத்தாயின் குறை. அப்படத்தால் நாட்டுக்கு நன்மை விளைந்தது உண்மையே. எனினும் அக்குறையும் உண்மையன்றோ?

தொகுதியை வரிசைப்படுத்துகையிலும் பெயர்களே நமக்கு வழிகாட்டின. படங்கள் அனைத்தையும் சிறு தாள்களில் அச்சிட்டுத் தரையில் பரப்பி, நாள்தோறும் இடம் மாற்றிப் பார்த்தோம். முதல்நாள் மாலை கொப்பரை கழுவுபவரில் தொடங்கி, மறுநாள் விடியலில் வீதி கூட்டுபவரில் முடித்தோம். மிக அழகிய படங்கள் சிலவற்றை நீக்க நேர்ந்தது. அவற்றில் முகம் இருந்தது, பெயர் இல்லை. அவ்வாறு நீக்குதல் கலைக்கு இழப்பென்று உடன்பயின்றோர் சிலர் வாதிட்டனர். அவர்கள் வாதத்திலும் பொருளுண்டு. அழகுக்கென ஒரு தொகுதி வேறு. அறிமுகத்திற்கென ஒரு தொகுதி வேறு. நாம் வகுத்தது பின்னது.

கண்காட்சி முடிந்ததும் படங்களை உறைகளிலிட்டுப் பேருந்தேறினோம். மூதாட்டியார் தம் படத்தை நெடுநேரம் பார்த்தார். முகத்தைவிடக் கீழே தம் கையெழுத்தையே மிகுதியும் நோக்கினார். "பேரன் வந்து கேட்டால் இனிச் சொல்ல வேண்டியதில்லை, எழுதியே இருக்கிறது" என்றார்.

அன்பர்களே, காமிரா வாங்கவும் தண்ணீர்மலை ஏறவும் எல்லார்க்கும் இயலாது. ஆயினும் உங்கள் வீட்டுப் பெட்டியில் பழம்படங்கள் இருக்கும். அவற்றில் நிற்பவரை அறிந்த முதியவர் ஒருவரேனும் இன்னும் இருப்பார். இன்றிரவே அவர் அருகில் அமருங்கள். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். ஆதலின் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறத்தில் ஓரமாக எழுதுங்கள்: யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. முதியவர் மறந்துவிட்டதை விட்டுவிடுங்கள். நினைவிலுள்ள ஒரு பெயராவது இன்று எழுத்தில் ஏறட்டும்.