மிளகும் பப்பாளி விதையும்

தில்லிக்கு வந்த முதல் ஆண்டில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘அறிஞர் பெருந்தகையீர்’ என்று என்னை விளித்திருந்தது. அப்போது என் வயது 22. மாணவர் கருத்தரங்கில் நான் படித்த பத்துப் பக்கக் கட்டுரையை நான்கே நாளில் அனைத்துலக ஆய்விதழில் வெளியிடுவார்களாம். கட்டணம் 9,000 ரூபாய். என் கால் தரையில் பாவவில்லை.

விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அப்பாவிடம் பணம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: “தம்பி, மிளகு மூட்டை வந்தா ஒரு பிடி அள்ளித் தண்ணியில போட்டுப் பார்ப்பேன். பப்பாளி விதை கலந்திருந்தா மிதக்கும். உன் கட்டுரையை எந்தத் தண்ணியில போட்டாங்க?”

விடை சொல்ல முடியவில்லை. மறுநாளே நூலகம் சென்றேன். அங்கே நான் கற்றதை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

ஆய்விதழ் என்பது புதிய ஆய்வை முதன்முதலாக வெளியிடுவது. துறை வல்லுநர் முன்கூட்டியே படித்துக் குறை காட்டுவர். அதற்குத் திங்கள் பல ஆகும். தொகுப்பாய்வு இதழ் பிறர் ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும்; வழிகாட்டியாகக் கொள்ளலாம், ஆயினும் ஓர் அளவை எடுத்தாள வேண்டுமானால் மூலக் கட்டுரைக்கே செல்ல வேண்டும். 1996 முதல் வெளிவரும் ‘ரெசொனன்ஸ்’ போன்றவை கற்பிக்கும் இதழ்கள்.

ஒரே அட்டைக்குள்ளும் பலவகை உண்டு. 1869இல் தோன்றிய ‘நேச்சர்’, 1932இல் பெங்களூரில் தோன்றிய ‘கரண்ட் சயன்ஸ்’ ஆகியவற்றில் ஆய்வுக் கட்டுரையும் இருக்கும். செய்தியும் கருத்துரையும் நூல் மதிப்புரையும் இருக்கும். இதழின் பெயரைக் கண்டு மயங்காமல், எடுத்தாளும் பகுதி எவ்வகை என்று பார்க்க வேண்டும்.

என்னை அழைத்த இதழையும் புரட்டினேன். இயற்பியலும் கால்நடை மருத்துவமும் இலக்கியமும் ஒரே பந்தியில் அமர்ந்திருந்தன. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தது, அது இதழை அடையாளம் காட்டும் எண்ணேயன்றித் தரச்சான்று அன்று. வல்லுநர் படித்துப் பார்த்த சுவடே இல்லை. தண்ணீரே இல்லாத கடை!

பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் தொடங்கிய ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. இனிச் சோதிக்கும் பொறுப்பு நம் துறைக்கும் நமக்கும் உரியது.

பின்னர்க் கட்டுரையை நல்லதோர் ஆய்விதழுக்கு அனுப்பினேன். மூன்று திங்கள் கழித்து, இரண்டு பக்கக் குறைகளோடு திரும்பி வந்தது. என் கருவியின் அளவுத்திருத்தமே பிழையாம். வெட்கமாக இருந்தது, நான்கு நாளில் அச்சேறியிருந்தால் அப்பிழையும் என் பெயரோடு நிலைத்திருக்குமே என்று எண்ணியபோது நடுக்கமாகவும் இருந்தது.

இப்போது சோதனையை மீண்டும் செய்கிறேன். ஞாயிறுதோறும் அப்பா கேட்கிறார்: “தம்பி, மூழ்கிருச்சா?”

“இன்னும் இல்லையப்பா” என்கிறேன்.