வடாலா வரை நடந்தோம்

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் பூங்காவை அறியாத மும்பைத் தமிழர் இரார். காலையிலேயே பூக்கடைகளில் சரம் தொடுப்போரும், காப்பிக் கடை வாயிலில் நாளிதழோடு காத்திருப்போருமாக நம் ஊரை நினைவூட்டும் வட்டாரம் அது. 2024 டிசம்பர் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, நாமும் மனைவியாரும் அங்கே சென்று நின்றது காப்பிக்காக அன்று. அன்று உலக எய்ட்ஸ் நாள். எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் சிறுவர்களின் சத்துணவுக்குப் பொருள் திரட்ட அறப்பணிக் குழுவொன்று நடத்திய நடைப்பயணத்தில் சேரவே சென்றிருந்தோம். "முழங்கால் வலியோடு இந்த வயதில் இது எதற்கு?" என்று சங்கத்து அன்பர் ஒருவர் முன்னரே வினவியிருந்தார். அப்போது சிரித்து மழுப்பினோம். விடையை இங்கே எழுதுகிறோம்.

நாமக்கல்லிலிருந்து லாரி ஓட்டிவந்த நம் மைத்துனர், 1997-இல் உடல் மெலிந்து நம் வீட்டிற்கு வந்தார். மருத்துவர் நோயின் பெயரைச் சொன்ன அன்று மாலையே, அவருக்கென ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியே எடுத்து வைத்தோம். வைத்தது மனைவியார் அல்லர், நாம்தாம். "மச்சான், இந்தத் தம்ளர் எனக்கு மட்டுந்தானே? நானே கழுவி வைத்துக்கொள்கிறேன்" என்றார் அவர். இருபது நாளில் அவரைத் தாதர் நிலையத்தில் சென்னை வண்டி ஏற்றிவிட்டோம். மறுவருடம் ஊரில் காலமானார். துக்கம் கேட்க வந்த சங்கத்து அன்பர்களிடம் எலும்புருக்கி நோய் என்றோம். இக்கிருமி உடையோரை அந்நோய் எளிதில் பற்றுவது மெய். ஆயினும் நாம் அதைச் சொன்னது மறைப்பதற்காகவே.

சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இக்கிருமி இந்நாட்டில் இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தது 1986-இல். தொட்டாலும், ஒரே பாத்திரத்தில் உண்டாலும் அது பரவாது என்பதை நாமும் செய்தித்தாளில் படித்தே இருந்தோம். படித்தது சமையலறை வரை வரவில்லை.

நடை தொடங்கியது. கொடுத்த தொப்பி பெரிதாக இருந்து கண்ணை மறைத்தது. பார்சி காலனியின் ஐந்து தோட்டங்களைச் சுற்றி, மர நிழலில் மெல்லச் சென்றோம். மாணவர்கள் பாடிக்கொண்டே நம்மை முந்திச் சென்றனர்.

வடாலாவில் கித்வாய் சாலையை அடைந்ததும் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனையின் வளாகம் கண்ணில் பட்டது. 1890-இல், இவ்விடம் நகரின் ஒதுக்குப்புறமாக இருந்த காலத்தில், தொழுநோயாளருக்கென எழுந்தது அது. பின்னர் நகரம் வளர்ந்து வந்து அதைச் சூழ்ந்துகொண்டது. மும்பை மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்ததும் இவ்வளாகத்திலேயே. எத்தனையோ முறை பேருந்தில் கடந்திருக்கிறோம்; ஒருமுறையேனும் தலை திருப்பிப் பார்த்ததில்லை.

2001-இல் இதே மும்பையின் சிப்லா நிறுவனம், மூன்று மருந்துகளின் கூட்டை நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவான விலையில் தர முன்வந்தது. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கத் தொடங்கினர். நம் மைத்துனருக்கு ஆறாண்டு பிந்திவிட்டது. இன்று அம்மருந்தை முறையாக உண்போர் வேலைக்குச் செல்கின்றனர், மணம் புரிகின்றனர், பேரப்பிள்ளைகளையும் காண்கின்றனர். வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் அவர்களை ஒதுக்கலாகாது என்று 2017-இல் சட்டமும் இயற்றப்பட்டது. தம்ளரை ஒதுக்கி வைப்பவனை எந்தச் சட்டம் பிடிக்கும்?

முடிவிடத்தில் வெள்ளைத் துணியொன்றை விரித்திருந்தனர். யார் பொருட்டு நடந்தோம் என்பதை அதில் எழுதவேண்டுமாம். பேனாவை வாங்கி, 'உறவினர் ஒருவர்' என்று எழுதினோம். மனைவியார் ஒன்றும் பேசவில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, அவ்விரு சொற்களையும் அடித்துவிட்டு, தம் தம்பியின் பெயரை முழுமையாக, தந்தையின் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் எழுதினார்.