வேலிக் கம்பியில் கம்பளி

கிள்ளானிலிருந்து காப்பார் தாண்டி ஜெராம் போகும் சாலையில், செம்பனைகளுக்கு நடுவே மண்பாதை ஒன்று பிரிகிறது. அதன் கோடியில் இருக்கும் ஆட்டுப்பட்டிக்குப் போனபோது முதலில் கண்ணில் பட்டது ஆடல்ல, வேலிக் கம்பியில் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்த அழுக்கு வெள்ளைக் கம்பளி.

"வாங்கக்கா. ஆடுங்க முதுகு தேய்க்கிற இடம் அது" என்றார் பட்டிக்காரத் தம்பி.

ஆளுயரப் பரண். பலகைகளுக்கு இடையே விரலளவு சந்து விட்டிருக்கிறார்கள். புழுக்கை கீழே விழுந்துவிடும், குளம்பு நனையாது. உள்ளே கறுப்புத் தலையும் வெள்ளை உடலுமாக டோர்ப்பர் ஆடுகள். ஒரு பெட்டையின் விலாவில் கம்பளி கிழிந்த போர்வைபோலத் தொங்கியது. கழுத்தும் வயிறும் மொழுமொழுவென்றிருந்தன. சொறி என்றுதான் நினைத்தேன். தம்பி தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொங்கிய கொத்தை இழுத்ததும் கையோடு வந்தது. அடியில் புண்ணில்லை, பொருக்கில்லை. குட்டையான புதுமயிர் படிந்திருந்தது.

காட்டுச் செம்மறிகள் ஆண்டுதோறும் மயிர் உதிர்ப்பவை. கம்பளிக்காக மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில்தான், வளர்வதை நிறுத்தாத மயிர் வந்து சேர்ந்தது. குளிர்நாடுகளில் பகல் நீள்வதே உதிர்வதற்கான சமிக்ஞை. கிள்ளானில் ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் பகல் இருபது நிமிட அளவுதான் கூடிக் குறைகிறது. "இங்க எல்லாம் ஒரே மாசத்துல கொட்டாது. ஒண்ணு முடிக்கும், இன்னொண்ணு ஆரம்பிக்கும்" என்றார் தம்பி.

தம்பியின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்துக்குப் பின்னால் கம்பளி ஆடுகளும் வைத்திருந்தார். வெட்டிய கம்பளியை வாங்க ஆளில்லாமல் எரித்துவிடுவார்களாம். மழையில் நனைந்த கம்பளியில் ஈ மொய்த்துப் புழு வைப்பதுதான் பெரிய கொடுமை. ஆனாலும் தோட்டத்துக்கு ஆடு தேவை. களையைத் தின்றால் களைக்கொல்லிச் செலவு குறையும். சுங்கை பூலோ ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் 1970களிலேயே இதைச் சோதித்தார்கள். உள்நாட்டு மாலின் ஆட்டோடு டோர்செட் ஹார்ன் கிடாவைக் கலந்தும் பார்த்தார்கள். உடல் பெருத்தது, கம்பளி போகவில்லை. அதே டோர்செட் ஹார்னைத் தென்னாப்பிரிக்காவில் கருந்தலைப் பாரசீக ஆட்டோடு சேர்த்ததில் பிறந்ததுதான் டோர்ப்பர். எந்த ஆட்டோடு சேர்த்தோம் என்பதில்தான் எல்லாம் இருந்திருக்கிறது.

தமிழ்நாட்டு ஆடுகள் சிலவற்றுக்கு இந்தத் தொல்லையே இல்லை. மேச்சேரி ஆட்டுக்கு உதிர்க்கக் கம்பளியே கிடையாது. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் அதற்கென்று தனி ஆராய்ச்சி நிலையமே நடக்கிறது. சென்னைச் சிவப்பு ஆட்டுக்கும் கம்பளி கிடையாது. கம்பளி ஆட்டைக் குறும்பாடு என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் தமிழில் இருப்பது எனக்கு இங்கே நின்றபோதுதான் உறைத்தது.

தம்பியிடம் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டின் காது எண்ணுக்கும் நேரே, எவ்வளவு உதிர்ந்தது என்று குறித்திருக்கிறார். கம்பளி ஆட்டோடு டோர்ப்பரைச் சேர்த்தால், முதல் கலப்பில் முதுகில் சேணம்போலக் கம்பளி நின்றுவிடும். அந்தப் பெட்டையை முழுக்க உதிர்க்கும் கிடாவோடு மறுபடி சேர்க்க வேண்டும். பிறகு அதன் குட்டியையும். மூன்று நான்கு தலைமுறைப் பொறுமை இது. கம்பளி நிற்கும் கிடாக்குட்டி கறிக்குப் போகும்.

முதுகை மட்டும் பார்த்தால் போதாது. ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துக் காட்டினார்: சிவந்திருந்தால் நலம், வெளுத்திருந்தால் வயிற்றுப்புழு இரத்தம் குடிக்கிறது. ஈரமான இந்த மண்ணில் டோர்ப்பருக்கு அதுதான் எமன்; பார்படோஸ் கருவயிற்று ஆடு இன்னும் தாக்குப்பிடிக்கும். தீவனத்திலும் கவனம் வேண்டும். செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு மலிவு, ஆனால் அதிலுள்ள செம்பு செம்மறியின் ஈரலில் தங்கி ஆட்டையே சாய்த்துவிடும். அதனால் புல்லே முதல் தீனி, பிண்ணாக்கு அளவோடு.

நான் கிளம்பும்போது ஒரு மாலின் கலப்புப் பெட்டை கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. கடைசிக் கொத்தும் கழன்று விழுந்தது. தம்பி குனிந்து அதன் காது எண்ணைப் பார்த்தார். பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.